முட்டைக்குள் வரைந்த வட்டங்கள்

மக்கா,

காலையிலிருந்து பக்கத்து வளவில் கொப்பரை உலர்த்துகிறார்கள். காற்று இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்த வாசனை சன்னல் வழியே உள்ளே வருகிறது. பாதி எண்ணெய், பாதி புகை, அடியில் லேசான புளிப்பு. எனக்கு இருமல் வந்துவிடும் என்று மருமகள் சன்னலைச் சாத்தப் போனாள். "கிடக்கட்டும்" என்றேன். இந்த வாசனை அடித்தால் எனக்கு லாக் டேபிள் ஞாபகம் வரும் என்று சொன்னால் அவளுக்குப் புரியாது. உனக்குப் புரியும். நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. சொல்லிச் சிரிக்க ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

எல்லைப் போராட்டம் மும்முரமாக நடந்த காலம் அது. தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று நாங்கள் கேட்டோம். நம் நெய்யாற்றின்கரையும் அதில் வர வேண்டும் என்பது என் பிடிவாதம். நான் பாறசாலையில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தேன். நீ கொல்லயிலில் இருந்து தினமும் பஸ் ஏறி, திருவனந்தபுரத்தில் கணிதம் மேல்படிப்புப் படித்துவந்தாய். அந்த ஊர் காலேஜ் நமக்கு வேண்டாம், நாகர்கோவிலுக்குப் போ என்று நான் ஒருநாள் வீறாப்பாகச் சொன்னேன். "நாகர்கோவில்ல இந்தப் படிப்பு இல்ல அண்ணே" என்று சொல்லிவிட்டு நீ கஞ்சி குடிக்கப் போய்விட்டாய்.

ஒரு ஊர்வலத்தில் யாரோ கல்லெறிய, பஸ் கண்ணாடி உடைந்தது. நான் எறியவில்லை. ஆனால் ஊர்வலத்துக்கான நோட்டீஸைக் கோர்த்தவன் நான்தான். போலீஸ் அச்சகத்துக்கு வந்து என் பெயரைக் கேட்டுப் போனது. அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். குரலை உயர்த்திப் பேசி நாம் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. "நீ கொஞ்ச நாள் வீட்டுக்கு வரண்டாம்" என்றார். "தங்கச்சிக்குப் பரீட்சை வருது. போலீசு ஏறி இறங்குத வீட்டுல அவ எப்படி படிப்பா?"

எனக்கு இடம் கொடுத்தவர் பாஸ்கரன் அண்ணன். நம் தோப்புக்கு அடுத்த தோப்பு அவருடையது. மலையாளம் பேசுகிறவர். இந்த மண் கேரளத்தில்தான் இருக்க வேண்டும் என்று டீக்கடையில் என்னோடு எத்தனையோ முறை சண்டை பிடித்தவர். அவரே வந்து கூப்பிட்டார். "நின்றெ கோஷம் எனிக்கு இஷ்டமில்ல. பக்ஷே நீ கல்லெறிஞ்ஞில்லல்லோ. பரணில் கேறிக் கிடந்நோ" என்றார். கோஷம் பிடிக்காவிட்டாலும் கல்லெறியாதவனுக்கு இடம் உண்டு என்று அர்த்தம். அவர் கொப்பரை உலர்த்தும் புரையின், அந்தக் கொட்டகையின், பரணில் ஏறிப் படுத்துக்கொண்டேன்.

நீ நடுப்பகலில் வருவாய். தோப்பில் ஆள் நடமாட்டம் அடங்கியிருக்கும் நேரம். ஓலைப்பெட்டியில் மரச்சீனிக் கிழங்கும் பூவார் கடற்கரை மீன்கறியும், மேலே மூடக் காய்ந்த சருகு. முதலில் நான் பழைய பத்திரிகைகளைப் படித்தேன். பிறகு அவற்றையே திரும்பப் படித்தேன். பிறகு உன்னிடம் எரிந்து விழ ஆரம்பித்தேன். ஒருநாள் நீ பெட்டியோடு ஒரு கட்டுத் தாளும் லாக் டேபிள் புத்தகமும் கொண்டு வந்தாய்.

"இன்டர்மீடியட்ல படிச்சது மறந்து போச்சா அண்ணே?"

"லாக் பாக்கத் தெரியும். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

"அது போரும்" என்றாய்.

தாளில் ஒரு முட்டை வரைந்தாய். "இதுக்க உள்ள மட்டும்தான் உலகம். வெளியே ஒண்ணும் கிடையாது" என்றாய். உள்ளே இரண்டு புள்ளி வைத்தாய். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று கேட்டாய். நான் அளவுகோலைத் தேடினேன். இங்கே அந்த அளவுகோல் செல்லாது என்றாய். இரண்டு புள்ளி வழியாகவும் ஒரு நேர்கோடு போட்டு, அது முட்டையின் ஓரத்தை இரண்டு பக்கமும் தொடும் வரை நீட்டினாய். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் இரண்டு ஓரங்களுக்கும் உள்ள நீளத்தை எடுத்து, ஒன்றை ஒன்றால் வகுத்து, பெருக்கி, லாக் எடுத்து, அதில் பாதி. அதுதான் அங்கே தூரம். எந்தத் தூரத்தையும் ஓரத்தைக் கேட்டுத்தான் சொல்ல முடியும். ஒரு ஜெர்மன்காரர் கண்டுபிடித்த முறை, உன் சார் கொடுத்த கட்டுரையில் இருந்தது என்றாய்.

"ஓரத்துக்குப் பக்கத்துல போகப் போக, நம்ம கண்ணுக்கு விரல்கடைத் தூரம் அங்க ஒரு மைலாவும். எவ்வளவு நடந்தாலும் ஓரத்துல போய்ச் சேர முடியாது."

"இது நம்ம எல்லைக் கதையாக்குமே" என்றேன்.

"இது கணக்காக்கும் அண்ணே. நோட்டீஸ் அடிக்க உதவாது."

பிறகு வட்டத்துக்கு வந்தாய். ஒரு மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே தூரத்தில் இருக்கும் புள்ளிகளைச் சேர்த்தால் வட்டம். அதில் மாற்றம் இல்லை. ஆனால் தூரம் அளக்கும் முறை மாறிவிட்டதால் வட்டத்தின் தோற்றமும் மாறிவிடும். முட்டைக்குள் சின்ன வட்டம் கிட்டத்தட்ட உருண்டையாக இருக்கிறது. பெரிதாகப் பெரிதாக அதுவும் முட்டை போல ஆகி ஓரத்தை ஒட்டிக்கொள்கிறது. உன் ஆய்வுரைக்கு வேண்டியது அந்த வட்டத்தின் வளைவு. நம் உலகத்தில் சைக்கிள் சக்கரம் நன்றாக வளைகிறது, பெரிய குளத்தைச் சுற்றி நடந்தால் வளைவது தெரிவதில்லை. வட்டம் பெருக்கப் பெருக்க வளைவு குறைந்து ஒன்றுமில்லாமல் போகும். உன் உலகத்தில் அப்படி இல்லை என்றாய். வெளி ஓரம் சரியான வட்டமாக இருந்தால் கணக்கு முன்பே தெரிந்தது: ஆரம் ஒன்று என்றால் வளைவு ஒன்று புள்ளி மூன்று ஒன்று. இரண்டு என்றால் ஒன்று புள்ளி பூஜ்யம் நான்கு. மூன்று என்றால் ஒன்று புள்ளி பூஜ்யம் பூஜ்யம் ஐந்து. ஒன்றை நோக்கி இறங்கும், ஒன்றுக்குக் கீழே போகாது.

"முட்டைக்கும் அப்படித்தானான்னு பாக்கணும். எனக்கு அப்படித்தான்னு தோணுது. எந்த வடிவமா இருந்தாலும் அப்படித்தான். ஆனா முட்டைக்கு நேரா ஒரு சூத்திரம் இல்ல. ஒவ்வொரு திசையிலயும் போட்டுப் பாக்கணும். மனசிலாச்சா?"

பாதிதான் மனசிலாயிற்று. வேலை மட்டும் முழுசாகப் புரிந்தது. நீ படிப்படியாக எழுதிக் கொடுப்பாய். நான் லாக் பார்த்துக் கூட்டிக் கழித்து மறுநாள் கொடுப்பேன். பரணில் நிமிர்ந்து உட்கார முடியாது. கவிழ்ந்து படுத்துதான் எழுதினேன். தாளெல்லாம் எண்ணெய்க் கறை. நீ சாப்பாட்டுப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு ஏணியிலேயே நின்று சரிபார்ப்பாய். "மூணாவது இடத்துல தப்பு. திருப்பிப் போடு." முட்டையின் கூர் பக்கம் ஒரு எண்ணும் மழுங்கிய பக்கம் இன்னொரு எண்ணும் வந்தன. வட்டத்தைப் பெரிதாக்கினோம். எண்கள் நெருங்கின. இன்னும் பெரிதாக்கினோம். எல்லாம் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. அன்று எனக்கு வந்த சந்தோஷம் எந்த ஊர்வலத்திலும் வந்ததில்லை. அதை அன்று உன்னிடம் சொல்லவில்லை.

அந்தத் தாள்களோடுதான் நீ பிடிபட்டாய். சாரிடம் காட்டுவதற்காகக் காலை பஸ்ஸில் கொண்டு போனாய். வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். உன் பையில் ஒரு முட்டைப் படம். ஓரத்தில் ஆங்கிலத்தில் 'எல்லை' என்று நீயே எழுதியிருந்தாய். ஓரத்தை ஒட்டிப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியிலும் எண்கள், குறுக்கும் நெடுக்கும் கோடுகள். தேடப்படுகிறவனின் தங்கை வேறு. ஸ்டேஷனில் நடந்ததைப் பிறகு நீதான் எனக்குச் சொன்னாய்.

"இது ஏது ஸ்தலத்தின்றெ மேப்பு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"மேப்பல்ல சார், கணக்காணு."

"கணக்கில் எந்தினா அதிர்த்தி?"

கணக்கில் எதற்கு எல்லை என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி என்று நீ எப்போதும் சொல்வாய். பிறகு அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்து, இத்தனை எண்ணெய் எப்படி வந்தது என்று கேட்டார். "தேங்ஙயில்லாத்த வீடுண்டோ சார் இவிடெ?" என்று நீ திருப்பிக் கேட்டாய். நம் ஊரில் தேங்காய் இல்லாத வீடு ஏது? அவர் தாளை மேஜைமேல் வைத்தார்.

பஸ்ஸில் இருந்த உன் வகுப்புத் தோழி போய்ச் சொல்ல, உன் சார் அந்த ஜெர்மன் கட்டுரை இருந்த புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பி வந்தார். எனக்கு அவரைப் பிடிக்காது. நம் பகுதி கேரளத்துக்கே சொந்தம் என்று பத்திரிகையில் எழுதியவர் அவர். அந்தக் கட்டுரையைக் கிழித்து நான் அச்சகச் சுவரில் ஒட்டிக் கரியால் கோடு போட்டிருந்தேன்.

எனக்குச் செய்தி கொண்டு வந்தவர் பாஸ்கரன் அண்ணன். உன்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றார். நான் பரணிலிருந்து இறங்கினேன். என்னைக் கொடுத்தால் உன்னை விடுவார்கள் என்று நினைத்தேன். "நீ சென்னால் அவளெ விடும் என்னு ஆரு பறஞ்ஞு?" என்று கேட்டார். நான் போனால் உன்னை விடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லைதான். ஆனாலும் நடக்கத் தொடங்கினேன். அவர் புரையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தார். நான் கல்லெறியவில்லை என்று எனக்காகச் சொல்லத்தான் கூட வந்ததாக ஸ்டேஷன் வாசலில்தான் சொன்னார்.

உள்ளே நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். சார் பக்கத்தில் நின்று புத்தகத்தைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் அவருடைய விரல் போன இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் பெயரைச் சொன்னேன். நீ திரும்பிப் பார்த்தாய். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. பயமும் இல்லை, அழுகையும் இல்லை. எரிச்சல்.

"நீ எதுக்கு அண்ணே வந்த? இப்பதான் அவருக்கு மனசிலாகத் தொடங்கிச்சு."

இன்னும் கொஞ்ச நேரம் நான் பரணில் கிடந்திருந்தால் நீ தானாக வெளியே வந்திருப்பாய். உன்னை அன்றே விட்டார்கள். பாஸ்கரன் அண்ணன் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். தன் புரையில்தான் நான் ஒளிந்திருந்தேன் என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். அதற்காக அவரை அடுத்தடுத்து ஸ்டேஷனுக்கு வரவழைத்துக் காக்க வைத்தார்கள். என்னைச் சப்ஜெயிலுக்கு அனுப்பினார்கள். தாள்களைத் திருப்பித் தரவில்லை.

ஆய்வுரை கொடுக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் முறை பார்க்க வந்தபோது நீ முறுக்கும் லாக் டேபிளும் கொண்டு வந்தாய். லாக் டேபிள் உன் சார் கொடுத்தது. அவருடைய சொந்தப் பிரதி. "எல்லாம் திருப்பிப் போடணும் அண்ணே. இங்க உனக்கு வேற வேலை இல்லல்லோ" என்றாய். கூட இருந்தவர்கள் சீட்டாடும்போது நான் வகுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்டருக்கு மகன் பத்தாம் வகுப்பு. அவனுடைய கணக்கையும் இடையில் போட்டுக் கொடுத்தேன். நிமிர்ந்து உட்கார இடம் இருந்ததால் வேலை வேகமாக நடந்தது.

இந்தத் தடவை நீ மூன்று வடிவம் தந்திருந்தாய். பழைய முட்டை, அதைவிடச் சப்பையான ஒன்று, மூன்றாவது மாவிலை போல இரண்டு முனையும் கூர்ந்தது. முதல் இரண்டும் சரியாக வந்தன. மூன்றாவது வரவில்லை. நான் திரும்பத் திரும்பப் போட்டேன். அடுத்த முறை நீ வந்தபோது கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன்.

"மூணாவதுல எங்கயோ தப்புப் போட்டுட்டேன் மக்கா. ஒண்ணுக்கு வர மாட்டேங்குது."

"எவ்வளவு வருது?"

"கூர்முனைப் பக்கம் ரெண்டு, மூணு, அஞ்சுன்னு ஏறிக்கிட்டே போவுது. மத்த திசையெல்லாம் ஒழுங்கா ஒண்ணுக்கு வருது."

நீ தாளை வாங்கி நின்றபடியே பார்த்தாய். வார்டர் நேரமாயிற்று என்றார். நீ நகரவில்லை. அவர் மறுபடி சொன்ன பிறகுதான் தலையைத் தூக்கினாய். "தப்பு உனக்கில்ல. எனக்காக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

அடுத்து வந்தபோது ஒரு முக்கோணம் வரைந்து கொண்டு வந்தாய். ஓரம் முக்கோணமாக இருந்தால், அதற்குள் வட்டம் ஆறு நேர்கோடுகளாக வருகிறது. ஆறு பக்கமும் கொஞ்சமும் வளையவில்லை. வளைவு முழுவதும் ஆறு மூலைகளில் போய்க் குவிந்துவிட்டது. இதற்கும் பெயர் வட்டம்தான் என்று காட்டிச் சிரித்தாய். அதனால் எந்த வடிவத்துக்கும் என்று சொல்ல முடியாது. ஓரத்தில் மூலை இருக்கக்கூடாது, நேராக ஓடும் துண்டும் இருக்கக்கூடாது. எல்லா இடமும் வழவழப்பாக, எல்லா இடமும் வெளிப்பக்கம் புடைத்து இருந்தால் மட்டும், பெரிய வட்டத்தின் வளைவு ஒன்றுக்கு வரும்.

"அப்போ உனக்க முடிவு சின்னதாப் போச்சே" என்றேன்.

"சின்னதானா என்ன அண்ணே. எங்க பொருந்தும் எங்க பொருந்தாதுன்னு இப்பதானே தெரியுது."

அந்த நிபந்தனையைச் சேர்த்து எழுதி, தளத்தில் வரையும் வட்டங்களுக்கு நிரூபணமும் கண்டுபிடித்தாய். உன் சார் படித்துவிட்டு, "இப்போழாணு இது தியரம் ஆயது" என்றாராம், இப்போதுதான் இது தேற்றம் ஆனது என்று. நீ தேறினாய். வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டதால் நானும் வெளியே வந்தேன். அதற்குப் பிறகு மாநில எல்லைக் கோடு போட்டார்கள். விளவங்கோடும் அதற்குத் தெற்கே உள்ளவையும் தமிழ்நாட்டுக்குப் போயின. நாம் இங்கேயே நின்றோம். டீக்கடை ரேடியோவில் அதைக் கேட்டுவிட்டு வந்து அன்று நான் சாப்பிடவில்லை. பாஸ்கரன் அண்ணன் சாயங்காலம் வந்தார். ஜெயித்த பேச்சு எதுவும் பேசவில்லை. அச்சகத்தில் மறுபடி வேலை கொடுத்தார்களா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு வந்ததெல்லாம் சாதாரண வாழ்க்கை. நீ கல்லூரியில் பாடம் நடத்தினாய், கல்யாணம், இரண்டு பிள்ளைகள். நான் ஒரு சின்ன அச்சகம் வைத்து இரண்டு மொழியிலும் கல்யாண அழைப்பு அடித்தேன். முட்டையை நிஜ முட்டையாக எடுத்து, வட்டத்துக்குப் பதில் கோளத்தை வைத்து, அதற்கும் நிரூபிக்க நீ நினைத்திருந்தாய். விடுமுறைகளில் உட்காருவாய். "ஒரு பரிமாணம் மேல ஏறினா கை வழுக்குது அண்ணே" என்பாய். பிறகு அதைப் பற்றிப் பேசுவது நின்றுவிட்டது.

நீ ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து ஒரு மத்தியானம் போன் செய்தாய். உன் பழைய மாணவி ஒருத்தி ஒரு கட்டுரையை அனுப்பியிருந்தாள்.

"அண்ணே, அத ஆரோ செஞ்சு முடிச்சிட்டாவ."

"எத?"

"நம்ம முட்டைய. வெளிநாட்டுல. எல்லாப் பரிமாணத்துக்கும். ஓரம் வழவழன்னு இருந்தா, கோளம் பெருசாகப் பெருசாக வளைவு ஒண்ணுக்குத்தான் போவும்."

"அதுல உனக்க பேரு உண்டா?"

"எனக்க பேரு அவியளுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குக் கோபம் வந்தது. உன்னிடம் இல்லை, யாரிடம் என்று தெரியவில்லை. உனக்கு வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். நீ யோசித்துத்தான் பதில் சொன்னாய். "சரியா வந்திருக்கே அண்ணே. தப்பா வந்திருந்தாத்தான் வருத்தம்." அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினதாக மறுநாள் சொன்னாய்.

போன மாதம், எல்லைப் போராட்டத்தைப் பற்றி மலர் போடுகிறோம், நீங்களும் எழுத வேண்டும் என்று சில பிள்ளைகள் வந்தார்கள். எழுதினேன். நோட்டீஸ், பரண், ஸ்டேஷன், சப்ஜெயில், எல்லாம். பாஸ்கரன் அண்ணனையும் உன் சாரையும் எழுதினேன். வாங்கிப் படித்த பையன் மரியாதையானவன். தயங்கித் தயங்கித்தான் சொன்னான்.

"தாத்தா, மத்ததெல்லாம் கொள்ளாம், நல்லா இருக்கு. அந்த ரெண்டு பேரும் எதிர்ப்பக்கமாக்கும். அது வந்தா படிக்கவியளுக்குக் குழப்பமா இருக்கும்."

"அவிய இல்லாம எழுதினா நடந்தது அது இல்ல, மக்கா."

"அப்போ கொஞ்சம் குறைச்சாச்சும்."

நான் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். சண்டை ஒன்றும் இல்லை. டீ குடித்தார்கள், என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

கட்டுரை வீட்டில் சும்மா கிடப்பதற்குப் பதில், படிக்க வேண்டியவர் யாராவது படிக்கட்டும் என்று தோன்றியது. பாஸ்கரன் அண்ணனின் மகள் நெய்யாற்றின்கரையில் இருக்கிறாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. என் பேரனை வைத்து மலையாளத்தில் எழுதச் சொல்லி அனுப்பினேன். சில நாள் ஒன்றும் வரவில்லை. பிறகு போன் செய்தாள்.

"அச்சன் இதொந்நும் ஞங்ஙளோடு பறஞ்ஞிட்டில்ல."

அப்பா இதில் ஒன்றையும் எங்களிடம் சொன்னதில்லை என்றாள். ஸ்டேஷனுக்கு நடந்ததையும் அங்கே போய்க் காத்திருந்ததையும் அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பரணில் நான் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தேன், அப்பா என்னோடு என்ன பேசுவார் என்றெல்லாம் கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன்.

நீ போன பிறகு இதையெல்லாம் அறிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மக்கா. இப்போது அவளுக்கும் தெரியும்.